பச்சை உழவு மெசின்

புலனாய்வு அதிகாரி ஒருவர் எங்கள் நாடகத்தைப் பற்றி இரண்டாம் முறை தொலைபேசியில் கூப்பிட்டபோதே எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வாய்விட்டுக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நாங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நாடகம் படிக்கிற நாலு பேர். சல்லிக் கடற்கரையில் ஊர்ச்சனத்தின் முன் போடுவதற்கு ஒரு நாடகம் பழகிக்கொண்டிருந்தோம். காணாமல் போன கணவனைத் தேடும் ஒரு பெண்ணின் கதை. நெறியாளர் பிரசாந்தி, அந்தப் பெண்ணாக நடிப்பவளும் அவளே. கணவன் நான், கிண்ணியா ஊர் அகீல். மிச்சப் பாத்திரங்கள் எல்லாம் பிரகலாதனுக்கும் ஸல்ஹாவுக்கும்.

எங்களிடம் எழுதிய பிரதி கிடையாது. நடிக்க நடிக்க வசனம் பிறக்கும், பிடித்ததை வைத்துக்கொள்வோம். ஆகவே எங்களைத் தவிர வேறு எவருக்கும் வசனம் தெரிய வழியில்லை. அப்படியிருக்க, 'ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்' என்று ஒரு வரியைச் சேர்த்து இரண்டு நாள் ஆகவில்லை, அதிகாரி பிரசாந்தியை இரண்டாம் முறையும் கூப்பிட்டு, "தங்கச்சி, அந்த ஜீப் கட்டாயம் தேவையோ?" என்று கேட்டார். மிக மரியாதையாகத்தான் கேட்டார்.

என் மாமா சீனன்குடாப் படைமுகாமில் காவலாளி. அவர் காவல் காப்பது ஒரு தண்ணீர்த் தாங்கியையும் அதன் நிழலில் படுக்கும் நாய்களையும். பிரகலாதனுக்கு அது போதும். வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான்.

"உன்ர மாமாவோட நாடகத்தைப் பற்றிக் கதைக்கிறனியோ?" என்றான்.

"மாமாக்கு நாடகமெண்டா டிவியில வாறது மட்டுந்தான். நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லல்ல."

"கோவிக்காத மச்சான், சும்மா கேட்டனான். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்."

அதன் பிறகு நான் ஒத்திகைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். என் எதிரே புதிதாக எந்த வரியையும் சொல்ல மாட்டார்கள். தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் ஸல்ஹா, ஒருநாள் என்னைக் கண்டும் காணாதவள்போல முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எங்கள் ஊர்க்காரியே அப்படிச் செய்தது நெஞ்சில் தைத்தது. வளாகத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் பிரசாந்தி சொன்னாள்: "நாடகம் நிக்கக் கூடாது அகீல். இன்னொருக்கா வெளிய போச்செண்டா, நீ விலகி நில்லு."

விலகினால் நான்தான் உளவாளி என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்தப் பெயரோடு அங்கே இன்னும் இரண்டு வருடம் படிக்க என்னால் முடியாது. எனக்கு நெருப்பாய்ப் பற்றியது.

"சரி, ஆளுக்கொரு பொய் குடு," என்றேன். "ஜீப்புக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வாகனம். தனித்தனியாச் சொல்லு. எது வெளிய போகுதெண்டு பாப்பம்."

அவளுக்கும் அது சரியாகப் பட்டது.

"நீயும் ஒண்டு எடுக்க வேணும்," என்றேன்.

"எனக்குமோ?" என்று சிரித்தாள்.

"ஓம், உனக்குந்தான்."

எனக்கு நீல லொறி கிடைத்தது. அதை நான் வீட்டில்கூடச் சொல்லிப் பழகவில்லை. யாராவது பக்கத்தில் நின்றால் மனதுக்குள் சொல்லவே பயமாக இருந்தது.

மூன்றாவது அழைப்பு ஒத்திகையின் நடுவில் வந்தது. பிரசாந்தி எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை வைத்தாள்.

"தங்கச்சி, ஜீப்பை எடுத்தது நல்ல வேலை. அதென்ன இப்ப பச்சை உழவு மெசின்?"

"எனக்கு நீல லொறி!" என்று நான் கத்தியேவிட்டேன். பிரசாந்தி அழைப்பைத் துண்டித்தாள். பிரகலாதனைப் பார்த்தேன். "எனக்கு ஓட்டோ," என்றான். "எனக்கு அம்புலன்ஸ்," என்றாள் ஸல்ஹா. டிராக்டரைத் தனக்கென்று எடுத்திருந்த பிரசாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல," என்றாள். "குசினிக்க நிண்டு தேங்காய் துருவேக்க சொல்லிச் சொல்லிப் பாத்தனான். அவ்வளவுதான்."

லிங்கநகர் வீட்டில் அவளும் தாய் இரத்தினேஸ்வரியும் மட்டும்தான். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது வெளியே போன தகப்பன் திரும்பி வரவில்லை. அது எங்களுக்குத் தெரியும். தெரியாததை அவளே சொன்னாள்.

"நான் இல்லாத நேரம் ஒருத்தர் வாறவர். அப்பாவைப் பற்றி விசாரிக்கிறதெண்டு. அம்மா அவரை இருத்திவச்சு எல்லாம் கதைப்பா."

"சொறி மச்சான், மன்னிச்சிரு," என்று பிரகலாதன் என் தோளில் தட்டினான். பத்து நாள் என்னை வறுத்தெடுத்ததற்கு ஒரு தட்டு. பிரசாந்தி மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மாவைப் பற்றி வெளிய சொல்லிப்போடாத."

"அப்ப என்ர பேர்? முழு வளாகமும் என்னைத்தான் சொல்லுது!"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. நாடகம் முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, யார் வீட்டிலிருந்து போனது என்று சனத்தின் முன் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். சொல்லவேண்டிய வசனத்தையும் ஒழுங்காகப் பழகிக்கொண்டேன்.

மறுநாள் அவள் தாயிடம் கேட்டாளாம். தாய் எழும்பிப்போய்ப் படுத்துவிட்டாராம், சாப்பிடவும் இல்லையாம்.

நாடக நாளன்று சல்லியில் வெயில் தாழ்ந்தபோது சனம் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. வளாகத்துப் பொடியன்கள் என்னைக் காட்டிக் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். கரையில் இழுத்து வைத்த தோணியருகே, கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்காமலே அவர்தான் அந்த அதிகாரி என்று தெரிந்தது. இரத்தினேஸ்வரி அன்ரி முன்வரிசையில் இருந்தார்.

வாகனம் வரும் வரியையே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திச் சனத்திடம் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. சபையிலிருந்து யாராவது பதில் சொல்லும்வரை, நடுவில் வலைக்குள் கிடக்கும் கணவன் எழும்பக் கூடாது. எவராவது 'கடல்' என்று சொல்வார்கள், நான் எழும்புவேன், நாடகம் தொடரும் என்று நினைத்திருந்தோம்.

"இவரை ஆர் கொண்டுபோனது?" பிரசாந்தி வட்டத்தைச் சுற்றி வந்து கேட்டாள். "கண்ட ஆக்கள் சொல்லுங்கோ."

இரத்தினேஸ்வரி அன்ரி எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை. கோடு போட்ட சட்டைக்காரரைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளை குசினிக்க நிண்டு சொன்னதெல்லாத்தையும் நான்தான் உங்களுக்குச் சொன்னனான். பாவம் அந்தப் பொடியன், அவனில பழி போட்டிட்டினம். நீங்கள் கேட்டனீங்கள், நான் சொன்னனான். ஒண்டையும் ஒளிக்கேல்ல."

பொடியன்களின் குசுகுசுப்பு நின்றது. என் பெயர் ஊரறியக் கழுவப்பட்டுவிட்டது. நான் பழகி வைத்திருந்த வசனத்தை நினைக்க, வலைக்குள் கிடந்தபடியே எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவரைத் தேடித் தருவீங்களெண்டுதான் சொன்னனான்," என்றார் அன்ரி. "இப்ப நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. அவரை எங்க வச்சிருக்கிறியள்?"

சனம் முழுவதும் தோணிப் பக்கம் திரும்பியது. அவர் தொலைபேசியைக் கீழே இறக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழும்பவில்லை.