பாட்டு நாளில் பேச்சு இல்லை

என் வீட்டுக்காரர் யாஸ்மிராத், பாடப் போகிற நாளில் விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கமாட்டார். பேசித் தீர்த்த மூச்சு பாட்டில் குறைந்துவிடுமாம். பச்சைத் தண்ணீர் ஆகாது, தலை நனையக்கூடாது, முந்தின இரவு என்னோடு ஒரே அறையில் படுக்கக்கூடாது. உருக்கிய ஆட்டுவால் கொழுப்பு ஒரு கிண்ணம் மட்டும் தொண்டைக்குள் போகலாம். எங்கள் தாஷோகுஸ் வட்டாரத்துப் பாட்டுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். பருத்தி எடுத்து முடித்துவிட்டால் தினமும் எங்காவது கல்யாணம். அப்புறம் என் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் பேசிக்கொண்டே இருப்பேன், இவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

அன்றும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுத் தாகன் வேலிக்கு வெளியே நின்று கத்தினான்.

"அண்ணி! கல்யாண வீட்டுல பெரியவர் தவறிட்டாராம். இன்னிக்குப் பாட்டு இல்ல. அண்ணனைப் பேசச் சொல்லுங்க, நாக்கு துருப்பிடிச்சிருக்கும்!"

சாவுச் செய்திக்குச் சந்தோஷப்படலாமா? பாவம்தான். ஆனாலும் பட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கே எனக்கு! தேநீர் போட்டேன், நல்ல தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன், எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, இனிமே பேசலாமே. ஏதாவது பேசுங்க."

தொண்டையைச் செருமினார். சுவரில் மாட்டியிருந்த இரட்டைத் தந்தி வாத்தியமான துதாரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"என்னத்தைப் பேசுறது?"

"எதுவா இருந்தா என்ன? உங்க குரலைக் கேட்கணும், அவ்வளவுதான்."

வெகுநேரம் யோசித்தார். தேநீர் ஆறிப்போனது. பிறகு ஏதோ அகப்பட்டதுபோல முகம் மலர்ந்தது.

"நம்ம சிவப்புப் பசு எப்போ கன்னு போடும்?"

கன்று செத்துப் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. நான் ஒருத்தியாக இழுத்துப் போட்டேன். கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து இவர் முன்னால் நின்று அழுதேன். அன்று பாட்டு நாள், தலையை ஆட்டினார். காதில் வாங்கிக்கொண்டுதான் ஆட்டுகிறார் என்று இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறேனே, நான் ஒரு பைத்தியக்காரி.

கிண்ணத்தில் கொழுப்பு உறைந்திருந்தது. எடுத்துப் போய் மறுபடி உருக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

"நாளைக்கு வேற கல்யாணம் இருக்கு. இப்பவே வாயை மூடிக்குங்க, குரல் கெட்டுடும்."

அவர் தலையை ஆட்டினார்.