பின்பக்கத்திலும் படிந்த கரி

அக்காவின் கணவரும் என் ஆராய்ச்சி வழிகாட்டியும் ஒரே ஆள். ஆய்வுக்கூடத்தில் சார், வீட்டில் அத்தான். நான் தங்கிச் சாப்பிடுவதும் அவர் வீட்டில்தான். இப்படி மாட்டிக்கொண்டவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பார்கள். என்னால் முடியாது.

காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் மீத்தேனை விட்டு, மின்சாரத்தால் பிளாஸ்மாவாக ஒளிரவைப்போம். உள்ளே இருக்கும் கண்ணாடித் துண்டின்மேல் கரி மெல்லிய படலமாகப் படியும். அதன் வழியே எவ்வளவு ஒளி போகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அந்தப் படலம் தேநீர் நிறத்தில் இருண்டு வரும் என்று கட்டுரை எழுதித்தான் அத்தான் பெரிய ஆளானார். என்னுடையதோ தெளிவாக வந்து தொலைத்தது.

"கிராஃப்ல கோட்டைத் தப்பாப் போட்டிருக்கே. கொஞ்சம் தள்ளிப் போடு, என் நம்பர் வரும்" என்றார்.

"எனக்கு வர்ற நம்பர் அது இல்லையே சார்."

"அப்போ தீசிஸ்ல என் கையெழுத்தும் வராது."

பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருட உழைப்பு, ஒரு கோட்டைத் தள்ளிப் போடவா? அந்தக் கட்டுரைக்காக அளந்த பழைய கண்ணாடித் துண்டை அவர் அறை அலமாரியில் பெருமைக்கு வைத்திருந்தார்; கேட்காமலே எடுத்தேன். கேட்டால் கொடுத்துக் கிழித்திருப்பார்.

ஓரத்தைச் சுரண்டினேன். பின்பக்கமும் கரி! பெட்டிக்குள் துண்டை வைக்கும் தட்டோடு ஒட்டி வைக்காததால் இடுக்கில் வாயு புகுந்து அங்கேயும் படிந்திருக்கிறது. இரண்டு படலத்தை அளந்துவிட்டு ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். துண்டைக் கவிழ்த்து, இடுக்கில்லாமல் தட்டோடு ஒட்டி வைத்து, ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் பின்பக்கக் கரியை மட்டும் எரித்தெடுத்து, மறுபடி அளந்தேன். என் எண்தான் வந்தது.

நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் கத்தினேன். "உன் புருஷன் பண்ணி வச்சிருக்கிற வேலை தெரியுமா உனக்கு?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "பின்பக்கமும் படிஞ்சிருக்கு. அதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் துண்டு நான் செஞ்சது. அப்போ நான் அவர் ஸ்டூடண்ட். கட்டுரை வந்தப்புறம்தான் கவனிச்சேன். ஓடிப்போய்ச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதே, பாத்துக்கலாம்னார். அடுத்த மாசமே நம்ம வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டார்."

கல்யாண ஆசையில் படிப்பை விட்டவள் என்று நாங்கள் எல்லோரும் அவளைக் கேலி செய்திருக்கிறோம்.

"பிடிச்சுப்போய்க் கேட்டார்னு நெனச்சேன்டி. கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே, 'இனிமே அந்தப் பேச்சு வேண்டாம், நம்ம குடும்ப மானம்'னார். அப்பதான் உறைச்சது."

அத்தான் உள்ளே வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"இவ தீசிஸ்ல கையெழுத்துப் போடுங்க. கட்டுரை தப்புன்னு ஜர்னலுக்கு நான் எழுதப்போறேன். அந்தத் துண்டைச் செஞ்சவ நான்."

"உன் தங்கச்சி ஏத்தி விட்டாளா?" என்று என்னைப் பார்த்து முறைத்தார். அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.