மாமனார் ஊருக்கு அஞ்சு கோல்

சாவு விழுந்த மையத்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வாய்விட்டுச் சிரிக்கிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஆண்டி சிரித்தான். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற தொண்டை அது. பின் சீட்டில் அவன் சிரித்தால் டிரைவர் திரும்பிப் பார்க்கிறார்.

"அந்தத் தொப்பி மேட்ச் ஞாபகம் இருக்குதா பாய்?" என்று என் தோளைத் தட்டினான்.

யாருக்குத்தான் ஞாபகம் இல்லை? எங்கள் ஹார்பர் ஃபுட்பால் கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டான். நல்ல வெயில். மண்டை சுடுமே என்று மேனேஜர் அபுபக்கர் மாமா (அவர் மையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்) தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டார். பந்து தலைக்கு வரும்போதெல்லாம் பெரியவர் தொப்பி மண்ணில் விழுந்துவிடப் போகிறதே என்று அவன் கையைத் தூக்கிப் பிடிப்பான். பந்து முழங்கையில் படும். ரெஃபரி ஹேண்ட்பால் ஊதுவார். கடைசியில் மாமாவே கோட்டுக்கு வெளியே நின்று, "தொப்பி போனாப் போவுது, பந்தை முட்டுடா!" என்று கத்தினார்.

"நல்ல மனுஷன்தான்யா," என்றார் தாலுகா ஆபீஸ் சுப்புராயன். "எலுமிச்சம்பழத்தை அவரே நறுக்குவாரு. எவனுக்காவது கால் பிசகினா அவரே குந்தித் தைலம் தேய்ப்பாரு. கடைசியில போயி அந்த வேலையைப் பண்ணிட்டாரே, அதைத்தான் தாங்க முடியல."

"பொண்டாட்டி ஊருக்கு சீர் செஞ்சாருப்பா," என்றான் ஆண்டி. "தட்டு வரிசை வச்சா செலவு ஜாஸ்தியாவும்னு அஞ்சு கோலாக் குடுத்துட்டாரு."

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வாயை மூடுறியா? மையத்தை இன்னும் தூக்கக்கூட இல்ல," என்று கத்தினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. சைக்கிள் கடை மீரான் என்றால் எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பவன் என்று ஊருக்கே தெரியும். அதனால் என் கோபத்துக்கு மதிப்பு கிடையாது.

உண்மையில் எனக்கு ஆண்டி மேல் கோபம் இல்லை. முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதுவும் காதில் விழாதவன் போலச் சவுக்குத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தானே பழனிவேல், அவன் மேல்தான் கோபம்.

அறுபத்திரண்டில் நடந்தது அது. சிதம்பரத்தில் ஃபைனல். நாங்களும் தில்லை லெவனும். பழனிவேல்தான் எங்கள் கோல்கீப்பர். ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் நின்றால் கோலுக்குக் கதவு போட்ட மாதிரி என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். முதல் நாள் பாண்டிச்சேரியில் ஒரு சிநேகிதன் கல்யாணம், நேராகச் சிதம்பரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நம் பக்கம் மதுவிலக்கு. பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாண்டி எல்லை, அங்கே தடுப்பார் இல்லை. கல்யாண வீட்டில் விடிய விடியக் குடித்துவிட்டு, மேட்ச் ஆரம்பிக்க இருக்கிற நேரத்தில் மைதானத்துக்குப் பின்னால் வந்து நின்றான். நின்றான் என்று சொல்வதே பொய். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பந்துக்குக் காற்றடிக்கிறது என் வேலை என்பதால் நான் பின்னால்தான் இருந்தேன். நானும் மாமாவும் மட்டும்தான் அவனைப் பார்த்தோம். மைதானத்தில் போலீஸ் நின்றது. வாயை ஊது என்று ஒரு கான்ஸ்டபிள் சொல்லியிருந்தால் போதும், கேஸ், ஜெயில், வேலையும் அம்பேல். ஆளுக்கொரு கை கொடுத்து மேலவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பூட்டினோம்.

"மாமா, பிளேயர்ஸ்கிட்ட என்னா சொல்றது?" என்றேன்.

"நாந்தான் இறக்கலன்னு சொல்லிக்கிறேன். பிராக்டீஸுக்கு ஒழுங்கா வரல, அதான்."

"பிச்சிடுவானுங்க மாமா."

"மேட்ச் போனா அடுத்த வருஷம் ஜெயிக்கலாம்டா. வேலை போச்சுன்னா அவன் பொழைப்பு என்னா ஆவுறது?" என்றவர், என்னை அந்த லாட்ஜ் வராந்தாவிலேயே நிறுத்தி, யாரிடமும் சொல்வதில்லை என்று அல்லாவின் பேரால் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் வல்லாஹி என்று சொல்லித் தொலைத்தேன்.

லெஃப்ட் பேக் ஆடுகிறவனைக் கோலில் நிறுத்தினார். அஞ்சு கோல் விழுந்தது. மாமாவின் மனைவி சைதுன் பீவி மாமிக்குப் பிறந்த ஊர் லால்பேட்டை, சிதம்பரத்தைத் தாண்டிப் போக வேண்டும். அது போதாதா? மாமனார் ஊர்க்காரனுக்கு மேட்சை விற்றுவிட்டான் என்று அங்கேயே கிளப்பிவிட்டார்கள். ஆண்டி எறிந்த செருப்பு மாமாவின் தோளில் பட்டு விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நடந்தார். அந்த மாசமே கடலூர்க் கடையை மூடிக்கொண்டு சொந்த ஊரான பரங்கிப்பேட்டைக்குப் போய்விட்டார். பெருநாளுக்குப் பெருநாள் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அவர் மவுத்தான செய்தி அன்று காலையில் வந்ததும் முதல் காரியமாகப் பழனிவேல் வீட்டுக்குத்தான் சைக்கிளை மிதித்தேன்.

"இன்னிக்கி சொல்லிடு. அடக்கம் பண்றதுக்கு முந்தி சொல்லிடு. என் வாயை அந்த மனுஷன் கட்டிப்போட்டுட்டாரு, உன் வாயை யாரும் கட்டல."

"வேலை போயிடும் பாய். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது. இப்பவும் மதுவிலக்கு இருக்குதுல்ல."

"ஆறு வருஷத்துக்கு முந்திக் குடிச்சதுக்கு எந்தப் போலீஸ்டா இப்ப வந்து ஊதச் சொல்லுவான்?"

"போலீஸ் இல்ல பாய். ஸ்கூல்ல வச்சிருப்பாங்களா? புள்ளைங்களுக்கு டிரில் சொல்லித் தர்ற வாத்தியாரு..."

அதற்கு மேல் நான் பேசியது அச்சில் வராது. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு என் கூடவே பஸ் ஏறினான். சொல்லத்தான் வருகிறான் என்று நான் நம்பினேன்.

பரங்கிப்பேட்டையில் எதிர்பார்த்ததை விட நல்ல கூட்டம். மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் மையத்து இருந்த சந்தூக்குப் பெட்டியைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்தார்கள். எங்கள் கடலூர் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மூலையில் ஒதுங்கி நின்றார்கள். மையத்துக்காகத் தொழுகிற ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மாமாவின் மகன் அப்துல் ஹக் முன்னே வந்து நின்றான். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"எங்க வாப்பா யாருக்காச்சும் எதாச்சும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் தீர்க்கிறேன். யாருக்காச்சும் தீங்கு செஞ்சிருந்தா, யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்குங்க."

"பொறுத்தோம்," என்றது கூட்டம்.

எங்கள் மூலையிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு குரல் "பொறுத்தோம்" என்றது. ஆண்டியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சொல்லிவிட்டு எல்லாரும் பழனிவேலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபைனலில் ஓரம் கட்டப்பட்டவன் அவன்தானே? அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இதோ சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று நான் அவன் வாயையே பார்த்தேன். அவன் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். தொழுகைக்கு வரிசை கட்டிவிட்டார்கள், நானும் போய் நின்றேன். அடக்கமும் முடிந்தது. ஒரு பிடி மண் அவனும் போட்டான். போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நின்றிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஆண்டி என்ன சொன்னான் தெரியுமா?

"கேட்டீங்களா? ஒத்துக்கிட்டாருப்பா. மவன் வாயாலயே வந்துடுச்சு. தீங்கு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்கன்னு கேக்கச் சொல்லிட்டுத்தான் செத்திருக்காரு. பாவம், மனசு உறுத்தியிருக்கும்."

"ஆமாம்யா," என்றார் சுப்புராயன். "எனக்கு இத்தினி நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சு. சும்மா வதந்தியா இருக்குமோன்னு. இன்னிக்கித் தீந்துபோச்சு."

நான் எழுந்து நின்று கத்தினேன். "அட அறிவு கெட்டவனுங்களா! அது எல்லா மையத்துக்கும் சொல்றதுய்யா! யாரு மவுத்தானாலும் புள்ளை எழுந்திரிச்சு அதைக் கேக்கணும். எங்க வாப்பா மவுத்துல நானும் இதையேதான் கேட்டேன். அவரு எந்த மேட்சை வித்தாரு?"

"விடு பாய்," என்று ஆண்டி என் முதுகைத் தடவினான். "உங்காளு, நீ விட்டுக்குடுக்க மாட்ட. நாங்கதான் பொறுத்துட்டோமே, அப்புறம் என்னா?"

பொறுத்துவிட்டார்களாம். அவன் அதை நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் என்னைக் கொன்றது. செருப்படி பட்டவரைச் செருப்பால் அடித்தவன் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டான். இனி கடலூரில் யார் கேட்டாலும், அவரே ஒப்புக்கொண்டார், நாங்கள் கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம் என்று சாட்சி சொல்வார்கள். மாமாவை மண்ணில் வைத்தாயிற்று. கூடவே அந்தப் பழியையும் வைத்து மூடியாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

பழனிவேல் முன் சீட்டிலிருந்து எழுந்தான். எங்களைப் பார்த்துத் திரும்பினான்.

"அவரு ஒண்ணும் ஒத்துக்கல," என்றான். "அன்னிக்கி நான் குடிச்சிருந்தேன்."

"என்னாது?" என்றார் சுப்புராயன்.

"பாண்டியில குடிச்சிட்டு வந்தேன். நிக்க முடியல. அவரும் பாயும்தான் என்னை லாட்ஜ்ல போட்டுப் பூட்டுனாங்க. போலீஸ்ல மாட்டினா எனக்கு வேலை போயிடும்னு, தாந்தான் இறக்கலன்னு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டாரு. செருப்படி எனக்கு விழுந்திருக்கணும். நீ அவரை அடிச்சிட்ட ஆண்டி."

"சும்மா சொல்லாதடா."

"பாயைக் கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை, சத்தியம் சத்தியம்தானே. தலையை மட்டும் ஆட்டினேன்.

கண்டக்டர், டிக்கெட் வாங்காத நாலு பிரயாணிகள், கூடையோடு ஒரு கருவாட்டுக்காரம்மா எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாளைக்கே அவன் ஹெட்மாஸ்டர் வரை போகும். அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் உட்காராமல் நின்றான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவன் மேலிருந்த ஆறு வருஷக் கோபமும் போய்விட்டது.

ஆண்டி எழுந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கினான். அவன் பின்னால் சுப்புராயன், மற்றவர்கள், பழனிவேல், நான். "யோவ், வண்டி எடுக்கப் போறோம்!" என்று கண்டக்டர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாமா வீட்டு வாசலில் இன்னும் நாற்காலிகள் கிடந்தன. அப்துல் ஹக் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தான். பழனிவேல் அவனிடம் முழுசாகச் சொன்னான். பையன் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். அவனுக்கும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உம்மாகிட்ட சொல்லணும் தம்பி," என்றான் ஆண்டி. "நாங்க அவுங்ககிட்ட கேட்டுக்கணும்."

புருஷனை இழந்து இத்தா என்கிற துக்கக் காலத்தில் இருக்கிற பெண் வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அப்துல் ஹக் உள்ளே போய்ச் சொன்னான். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் சைதுன் பீவி மாமி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஏலம் விடுகிற தொண்டை ஆண்டிக்கு எங்கே போனதோ, காற்றுதான் வந்தது.

"அம்மா, நான்தான் அன்னிக்கி அவரைச் செருப்பால அடிச்சவன். உங்க ஊருக்கு மேட்சை வித்துட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னவனும் நான்தான். தெரியாம பண்ணிட்டோம். நீங்க பெரிய மனசு பண்ணி எங்களைப் பொறுத்துக்கணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமி பேசினார். அழுகையில்லை, சாதாரணக் குரல்தான்.

"எனக்கும் சொல்லலியே அவுங்க. எங்க ஊருக்காவத்தான் விட்டுக்குடுத்தீங்களான்னு நானே கேட்டேன். பேசாம சிரிச்சாங்க. ஆமான்னு நினைச்சுக்கிட்டேன். எங்க ஊரு பேரை இப்புடிக் கெடுத்துட்டீங்களேன்னு எத்தினியோ தடவ சாப்பாட்டுத் தட்டை வச்சுக்கிட்டே குத்திக்காட்டியிருக்கேன். நீங்க எங்கிட்ட வந்து கேட்டுட்டீங்க. நான் யாருகிட்ட போயி கேக்குறது?"