வலது ஓரத்தில் கொஞ்சம் இடம்

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு மேட்டுப் பள்ளியில் வேலை. ஜப்பானின் ஹிமி ஊரில் பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டரில் கைகொடுக்கும் மூன்று பேரில் நானும் ஒருத்தி. ஆசிரியர்கள் என்னை மரியாதையாக நெமோட்டோ சான் என்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே வேலை. ஏப்ரல் முதல் வகுப்புச் செய்தித்தாள் காகிதத்தில் வராது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வலைப்பக்கம். மார்ச் முடிவதற்குள் எல்லா ஆசிரியர்களும் தாங்களே அதைச் செய்யப் பழகிவிட வேண்டும்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேலே வகுப்பின் பெயர், நடுவில் அந்த வாரச் செய்தி, கீழே அடுத்த வாரம் பிள்ளைகள் கொண்டுவர வேண்டியவை. முகம் தெரிகிற படம் மட்டும் கூடாது. அரை மணி நேர வேலை. ஆனால் மேட்டுப் பள்ளியில் ஒரு பக்கம் வெளியாக நான்கு நாள் ஆனது. காகிதச் செய்தித்தாளுக்குச் செய்தது போலவே ஆசிரியர்கள் பக்கத்தைத் தயார் செய்து, பிரிண்ட் எடுத்து, மூலையில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தி, துணைத் தலைமையாசிரியர் ஓகிதாவின் தட்டில் வைப்பார்கள். அவர் சிவப்புப் பேனாவால் திருத்தித் தன் முத்திரையைக் குத்துவார். தாள் தலைமையாசிரியரிடம் போய் இன்னொரு முத்திரையோடு திரும்பி வரும். பிறகு அந்தத் திருத்தங்களை மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

நான்காம் வகுப்பு தாகிகவா டீச்சர்தான் எல்லோரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டார். நாற்பத்தாறு வயது, தனியாக இருப்பவர். அவர் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, யார் பனியில் வழுக்கி விழுந்தும் அழவில்லை என்பதெல்லாம் இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். வலது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொல்வார். அம்மாக்களின் போனில் பார்த்தால் எழுத்துதான் சின்னதாகும் என்று நான் விளக்குவேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமும் அதையே கேட்பார்.

"அந்த எடத்துல முள்ளங்கி போடப் போறாங்க போல," என்றார் ஒன்றாம் வகுப்பு சுகயா டீச்சர்.

பிப்ரவரி கடைசியில் நான் அந்தத் தாள் ஊர்வலத்துக்கு ஒரு முடிவு கட்டினேன். ஆசிரியர் எழுதி முடித்ததும் பக்கம் நேராக ஓகிதாவின் திரைக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். சுகயா டீச்சர் மகிழ்ந்துபோய் எனக்கு இரண்டு ஆரஞ்சு கொடுத்தார்.

அடுத்த செவ்வாய், ஆறு வகுப்புப் பக்கங்களும் நேரத்துக்கு வந்திருந்தன. நான்காம் வகுப்பின் பக்கத்தில் மட்டும் பல்லும் இல்லை, பனியும் இல்லை. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றுதான் இருந்தது. பட்டனில் ஏதாவது சிரமமா என்று கேட்டதற்கு, மிகவும் வசதியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு தாகிகவா டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று கிளம்பும்போது செருப்பு அலமாரிப் பக்கம் ஓகிதா வந்தார். மனைவி இறந்து எட்டு வருஷமாகத் தனியாக இருப்பவர், அதிகம் பேசாதவர். அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் ஏதாவது எழுத இடம் உண்டா என்று கேட்டார். குறிப்புப் பெட்டி உண்டு, ஆனால் அதில் எழுதுவதைத் தலைமையாசிரியரும் நானும் பார்க்கலாம், எழுதியதை அழிக்கவும் முடியாது என்றேன். "அப்படியா," என்றவர், நேராகவே இருந்த செருப்புகளை இன்னும் நேராக்கிவிட்டுப் போனார்.

மார்ச் இரண்டாம் வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. பழைய செய்தித்தாள்கள் சிலவற்றை ஸ்கேன் செய்து பக்கத்தில் சேர்க்கலாம் என்று எல்லோரிடமும் கேட்டிருந்தேன். தாகிகவா டீச்சர் அவசரத்தில் ஒரு ஃபைலை அப்படியே கொடுத்திருந்தார். திரையில் பார்த்தபோது வலது ஓரம் முழுக்க எழுத்து. சிவப்பில்: 'எந்தப் பல் என்று குறிப்பிடவும்.' அதன் கீழே பென்சிலில்: 'முன்பல். நீங்கள் இன்றும் பள்ளிச் சாப்பாட்டை மிச்சம் வைத்தீர்களாம்.' மறுபடி சிவப்பில்: 'மீன் ஆறிப்போயிருந்தது.' பென்சிலில்: 'நாளைக்கு மூடி போட்டு வைக்கிறேன்.' மூன்று வருஷத் தாள்கள். படிக்கக் கூடாது என்று எனக்கு மூன்றாவது தாளில்தான் தோன்றியது.

பிள்ளைகள் போனபிறகு தாகிகவா டீச்சரை அழைத்து, ஸ்கேனில் பென்சில் எழுத்தும் விழுந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தனியாகச் சுத்தப் பிரதி எழுதுவாராம். இதை அழிக்க மனம் வரவில்லையாம். இத்தனை நாளில் அவரும் ஓகிதாவும் நேரில் பேசிக்கொண்டதெல்லாம் வானிலையும் வருகைப் பதிவும்தானாம். துணைத் தலைமையாசிரியர்களை மூன்று வருஷத்தில் மாற்றிவிடுவார்கள்; ஓகிதாவுக்கு இங்கே இது மூன்றாவது வருஷம். இன்னும் இரண்டு வாரத்தில் மாற்றல் பட்டியல் பேப்பரில் வந்துவிடும்.

என் பட்டனால் வந்த வினை என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான்காம் வகுப்புக்கு மட்டும் பட்டனை எடுத்துவிட்டு, பழையபடி தாளில் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

என் மேஜையில் இருந்த ஃபைலை எடுத்து மூடினார்.

"வேணாம், நெமோட்டோ சான். இன்னும் ரெண்டு தாள் கெடச்சா ரெண்டுலயும் பல்லு, மீனுன்னுதான் எழுதுவோம். மூணு வருஷமா அதத்தானே எழுதிட்டிருக்கோம்."

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். ஆசிரியர் அறைக்குத்தான் போகிறார் என்று தெரிந்ததும், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அங்கே சுகயா டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். தாகிகவா டீச்சர் ஓகிதாவின் மேஜை முன்னால் போய் நின்றார். பட்டன் வருவதற்கு முன்னால் தாளை வைத்துவிட்டுத் திரும்பிய இடம் அது.

"சார், இந்த ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா? மாத்தல் வந்தாலும் சரி, வரலேன்னாலும் சரி."

ஓகிதா எழுந்து நின்றார். பள்ளி ஆய்வாளர் வந்தால்தான் அவர் அப்படி நிற்பார்.

"எத்தன மணிக்கு வரணும்?"

"பன்னெண்டு."

"நான் காலைலேருந்தே சும்மாதான் இருப்பேன்."

"அப்ப பத்துக்கே வாங்க. அடுப்படியில வேலை இருக்கும்."

அறையில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் அவரவர் திரையையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுகயா டீச்சரின் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.