டீ மேல் விழுந்த பழி

கும்மிடிப்பூண்டியில் வாளிக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி அது. மேனேஜர் நாகமுத்துவுக்கு ஒரு நாள் திடீரென்று ஞானம் பிறந்தது. சாயங்கால டீக்கு எத்தனை நிமிடம் போனது, அன்றைக்கு எத்தனை மூடி ரிஜெக்ட் ஆனது என்று முப்பது நாளுக்குப் போர்டில் புள்ளி வைத்தார். ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். கோடு ஏறியது. அவ்வளவுதான், மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"டீ ஏறுனா ரிஜெக்டும் ஏறுது. திங்கக்கெழமலேர்ந்து டீ டைம் கட்டு!"

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இப்படியா? மெஷின் முன்னால் நின்றபடியே வேலை பார்க்கும் கன்னியம்மாவுக்கு, சாப்பாட்டு நேரத்தை விட்டால் உட்காரக் கிடைப்பது அந்த டீ வேளைதான். வீங்கிய முட்டியைத் தேய்த்துக்கொண்டே குவாலிட்டி இன்ஜினியர் ஷைனியிடம் வந்தாள்.

"நின்னுகினே இருந்தா இந்தக் காலு தாங்காது கண்ணு. வேலய உட்டுட்டுதான் போவணும். நீ படிச்சவதானே, கேக்க மாட்டியா?"

ஷைனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம்தான். இருந்தாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். கன்னியம்மாவும் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

"கோடு ஏறுது சார், வாஸ்தவம்தான். டீ ஒரு நிமிஷம் கூடுனா 0.3 மூடி கூடுது. ஆனா அந்தக் கணக்குல முன்னபின்ன ஆவுற பிசகே 0.4 இருக்குது. அத இதால வகுத்தா முக்கால்தான் வருது, ரெண்டத் தாண்டுனாதான் நம்பலாம். டீக்கு சம்பந்தமே இல்லன்னாலும், நூறு தபாவுல நாப்பத்தாறு தபா கோடு இந்த அளவுக்கு மேலயோ கீழயோ சும்மாவே சாயும்."

"இன்னாம்மா சொல்ற?"

"பால் வராத நாள்ல டீயே கெடையாது சார். கோடு அங்கியே இருபத்தோரு மூடில ஆரம்பிக்குது. அதுல பிசகு அஞ்சுதான். வகுத்தா நாலுக்கு மேல வருது, அது நெஜம். அந்த இருபத்தொண்ணு எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க."

நாகமுத்து லேசுப்பட்ட ஆளா? பேனாவை நீட்டினார். "அப்ப டீல குத்தமே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

ஒரு பொய் எழுதினால் காரியம் முடிந்துவிடும். ஷைனிக்கு மனசு வரவில்லை.

"அப்பிடி எழுத முடியாது சார். குத்தம் நிரூபணம் ஆவலன்னுதான் எழுத முடியும்."

"காரியத்தையே கெடுத்துட்டியே!" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாகமுத்துவின் முகம் மலர்ந்தது.

"சரி, நிரூபணம் ஆவ இன்னா வோணும்?"

"இன்னும் அறுபது நாள் கணக்கு வோணும் சார். டீ நிமிஷம் ஒரு நாள் கம்மியா, ஒரு நாள் ஜாஸ்தியா இருக்கணும். நிறுத்திட்டா ஒண்ணுமே தெரியாது."

நாகமுத்து போர்டைப் பார்த்தார், ஷைனியைப் பார்த்தார். அடக்கப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"குடிச்சித் தொலைங்க, அறுபது நாள்!"

"சார், அந்த ஜாஸ்தி நாள இன்னிக்கே வெச்சிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே கன்னியம்மா உள்ளே வந்து, அவர் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.