ஒத்தக் குத்தும் அரைத் துளையும்

எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தில் எனக்கு 'ஒத்தக் குத்து' என்று பெயர். எந்தக் கையைக் கொடுத்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து ஊசியை ஏற்றிவிடுவேன். நிலையத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யார் எத்தனை முறை ஊசியைத் தவறவிட்டார்கள் என்று அதில் எழுதுவோம். அதிகம் தவறவிட்டவர் அடுத்த மாதம் முழுக்க வண்டி கழுவ வேண்டும். பதினொரு வருஷமாக நான் வாளியைத் தொட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. கொஞ்சம் என்பது என் கணக்கு. என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

அதனால்தான் அந்த ட்ரில் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் நிறையப் போனவர்களுக்கு நரம்பு சுருங்கி ஒளிந்துகொள்ளும். அப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் துளை போட்டு, அதன் வழியாக மருந்து ஏற்ற வேண்டுமாம். கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, நுனியில் ஊசி, பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. பாட்டரியை உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள். சார்ஜ் போட வழி கிடையாது. விளக்கு சிவப்பானால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும்.

வகுப்பெடுக்க வந்த அம்மா, "ரெண்டு தடவை நரம்பு கிடைக்கலன்னா மூணாவது தடவை தேடாதீங்க. நேரா எலும்புதான்" என்றார்.

"நரம்பு பிடிக்கத் தெரியாதவங்களுக்குக் கண்டுபிடிச்சிருக்காங்க. இது தச்சு வேலை" என்றேன் நான், அந்த அம்மா காதில் விழும்படியாகவே.

பின் வரிசை சிரித்தது. முன் வரிசையில் சிரிக்காமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் என் வண்டியின் டிரைவர், என் மனைவியின் தம்பி. ஊசியே போடாதவனுக்கு எதற்கடா குறிப்பு என்று அவனையும் வாரினேன்.

வண்டிக்கு ஒரு கருவி கொடுத்து, அதை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிளாஸ்டிக் எலும்பில் பழகச் சொன்னார்கள். படுக்கையறை ஜன்னலுக்குத் திரை மாட்டச் சொல்லி என் மனைவி மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிற எனக்காகத்தான் கேட்டாள், பாவம். வீட்டில் கிடந்த சுவர் துளைக்கும் முனை அந்தக் கருவியில் கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது. நாலு துளை போட்டுத் திரையையும் மாட்டினேன். நாலாவது துளையில் விளக்கு சிவப்பானது. பிளாஸ்டிக் எலும்பு டப்பாவை விட்டு வெளியே வரவேயில்லை. மறுநாள் விளக்கு அடிப்பக்கம் இருக்கும்படி கருவியை எங்கள் வண்டியின் பைக்குள் வைத்தேன். நான் இருக்கிற வண்டியில் இது யாருக்குத் தேவைப்படப் போகிறது என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு கண்ணாடிக் கடையிலிருந்து அழைப்பு வந்தது.

கண்ணாடி அறுப்பவரின் இடது தொடையில் ஒரு பெரிய கண்ணாடித் தகடு சரிந்து ஆழமாக வெட்டியிருந்தது. தொடையில் கட்டுப் போட்டு இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் ஏற்கெனவே போனது போனதுதான். ஆள் வெளுத்துப்போய்க் கிடந்தார். கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. அங்கேயே திரவம் ஏற்றாவிட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேர மாட்டார்.

வலது கையில் குத்தினேன். கிடைக்கவில்லை.

"ஒண்ணு" என்றான் மச்சான்.

இடது கையில் குத்தினேன். அங்கேயும் இல்லை.

"ரெண்டு."

கடை முழுக்க நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஒத்தக் குத்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது ஊசியை நான் பிரிக்க, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி, "இன்னும் எத்தனை தடவைங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமா, ரெண்டு ஆச்சு" என்று மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ட்ரில்லை எடு" என்றேன். சிவப்பு விளக்கிலும் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும் என்று ஒரு நப்பாசை.

வலது காலில் இடம் பார்த்து வைத்து அழுத்தினேன். தோலைத் தாண்டியது, எலும்பைத் தொட்டது, பாதி தூரம் போய்க் குறட்டை மாதிரி ஒரு சத்தம் விட்டு நின்றது. இந்த மனுஷரை நான் கொன்றுவிட்டேன் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன்.

மச்சான் சிவப்பு விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மெஷினை மட்டும் கழட்டுங்க. ஊசியைக் கையாலயே அமுக்கித் திருகலாம்னு அந்தம்மா சொன்னாங்க. நீங்க அப்ப தச்சு வேலை பத்திப் பேசிட்டிருந்தீங்க."

திருகினேன். ஒரு கட்டத்தில் சட்டென்று இடம் கொடுத்தது. குழாயை மாட்டித் திரவப் பையை அழுத்தியதும் திரவம் இறங்கியது. மச்சான் வண்டியைக் கிளப்பினான்.

பாதி வழியில் கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தார்.

"யாருங்க இதைத் திருகினது?"

"நான்தாங்க."

"நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். தொழில் தெரிந்த மனுஷர். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவரை ஒப்படைத்துவிட்டு வந்து படிவத்தை நிரப்பினேன். 'தவறிய முறைகள்' என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். 'கருவி செயலிழந்த காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. மச்சான் எதிரே உட்கார்ந்து, அவன் குறிப்பு நோட்டை வேண்டுமென்றே புரட்டிக்கொண்டிருந்தான். 'படுக்கையறைத் திரை' என்று எழுதினேன். மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு மூன்று மாதத்துக்கு வாளியை என் பெயரில் எழுதினார். வேலையை விட்டே தூக்கியிருக்கலாம், தூக்கவில்லை.

காலையில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நானே சொன்னேன். மச்சான் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

அவள் முழுக்கக் கேட்டாள். "செவுத்துக்கு நாலு. அந்த மனுஷனுக்கு அரை" என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, திரையைக் கம்பியோடு கழற்றி மடித்து பீரோவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெயில் நேராக என் முகத்தில் விழுந்தது. ஜன்னலுக்கு மேலே நாலு துளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஈரத்துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தேன்.