அய்யனார் கோயில் எல்லை வரை

வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சிமென்ட் தரையில் ரத்தப் பொட்டுகள். மாத்திரைப் பையோடு வந்த பொற்கொடி அவற்றைப் பார்த்தபடியே உள்ளே வந்தாள். நாற்காலியில் இருந்த சிவசாமியோ நிதானமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கால்ல என்ன?”

“காலா? ஒண்ணும் இல்லையே தாயி.”

குனிந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். கருவேல முள் ஒன்று ஆழமாக ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் மரத்துப்போன பாதம். அவருக்கு வலிக்கவே இல்லை.

வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொடுக்கிறவள் பொற்கொடி. லாரி ஓட்டியே உட்கார்ந்து பழகிய மனிதரை மூன்று மாதம் கெஞ்சி நடக்க வைத்திருந்தாள். “வண்டியில ஏறிப் பொழச்சவன நடக்கச் சொல்றியே!” என்று கேலி பேசியவர், இப்போது ஒரு நாளும் காலை நடையை விடுவதில்லை.

“செருப்பு போடலையா?”

“போட்டுத்தான் போனேன். அய்யனார் கோயில் காட்டுக்குள்ள கையில எடுத்துக்கிட்டேன். அங்கிட்டுச் செருப்போட யாரு போவா?”

பொற்கொடி பாதத்தை மெல்லக் கீழே வைத்தாள். நிழலாக இருக்கும் என்று அந்தப் பாதையைச் சொன்னதே அவள்தான். அவளும் அங்கே செருப்பைக் கழற்றுகிறவள்தான். எப்படி மறந்தாள்?

அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி அழகி, ரத்தத்தைப் பார்த்ததும் வெடித்தாள். “செவனேன்னு கெடந்த மனுசன நொண்டியாக்கிட்டியேடி! மேலத்தெரு பிச்சை அண்ணனுக்கும் ஒரு முள்ளுதானே? கால்ல ரெண்டு வெரல வெட்டி எடுத்தாங்களே!”

பொற்கொடி அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். தன் ஸ்கூட்டியிலேயே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனாள். டாக்டர் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார். “ஆறுற வரைக்கும் நடக்கக் கூடாது. சீழ் வச்சா உடனே கூட்டிட்டு வாங்க.”

தினமும் கட்டுப் பிரிக்கும்போது பொற்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, புண் காய்ந்தது. ஆனால் நடை நின்றதில் ஏறிய சர்க்கரை இறங்கவில்லை. “இனிமே இவரு வாசப்படி தாண்ட மாட்டாரு” என்றாள் அழகி. எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற சிவசாமி வாயே திறக்கவில்லை. அதுதான் பொற்கொடியை அரித்தது.

மூன்றாவது வாரம், நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை அவள் வந்தபோது நாற்காலி காலி.

“அக்கா, அண்ணன் எங்க?”

“நான் கோலம் போட்டு நிமுர்றதுக்குள்ள கெளம்பிட்டாரு. அய்யனார் கோயிலுக்காம். செருப்பு காலுல இருக்கா கையில இருக்கான்னு நீயே போய்ப் பாரு!”

பொற்கொடி ஓடினாள். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றும் எல்லையான முதல் மண்குதிரைக்கு இப்பால் சிவசாமி நின்றிருந்தார். காலில் செருப்பு. கைகள் தலைக்கு மேல் குவிந்திருந்தன.

“உள்ள போகலையாண்ணே?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“இங்கிட்டு நின்னு கும்பிட்டாலும் அவருக்குக் கண்ணு தெரியும்” என்றவர் வந்த வழியே திரும்பினார். “நீ என்ன, இம்புட்டுத் தூரம் ஓடுனதுக்கே இப்புடி எளைக்கிற? நாளைலேருந்து கூட வா.”